காயாத கண்

பொட்டலத்தில் ஐம்பது புழு, அத்தனையும் ரப்பர்.
எந்த நாட்டு வாய்க்கு அளவெடுத்தானோ,
ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்.
நம் கண்மாய் ஜிலேபிக்கு
வாய் சட்டைப் பித்தான் அளவு.
வாலைக் கவ்வும், இழுக்கும், உதறும்;
கொக்கி இருக்கிற தலைப்பக்கம் மட்டும் வராது,
வட்டியைக் கட்டிக்கொண்டே இருந்து
முதலைத் தொடாதவன் மாதிரி.

கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் கடை.
செல்போன் சர்வீஸ்.
ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கி
உடைந்த டிஸ்பிளேக்களை ஓரம் தள்ளினால்
புழுக்களுக்கு ஆபரேஷன் நேரம்.

பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு.
வாலை நெடுக்கே கீறினால் இரண்டு கால்,
இன்னும் கீறினால் நாலு.
நாலு போதும், ஐந்தாவது அறுந்துவிடும்.
சால்டரிங் முனையை, சூட்டைக் குறைத்து,
இரண்டு துண்டுக்கும் நடுவே நுழைத்து உருவினால்
பச்சைத் தலையும் வெள்ளை வாலும்
பிறவியிலேயே ஒன்றுபோல் ஒட்டிக்கொள்ளும்.
அந்தப் புகையை மட்டும் மூச்சில் விடக்கூடாது.

முதுகுக்கு மார்க்கரில் கோடு போட்டேன்.
காலையில் பார்த்தால் கோட்டைக் காணோம்,
உடம்பெல்லாம் ஊதா.
மஞ்சள்தூள் தேவலை: பிடித்தால் விடாது.
வாசத்துக்குச் சோம்பை இடித்து
நல்லெண்ணெயில் மூன்று நாள் ஊறல்.
"குருமாவுக்குச் சோம்பு இல்லை,
ஜிலேபிக்கு இருக்கா?" என்றாள் உண்ணாமலை.
கல்பாசியையும் கேட்டிருப்பேன்,
அன்றைக்கு அவள் முகம் சரியில்லை.

திருகாணி போடும் கண்ணாடிப் பெட்டியில்
நிறவாரியாக அடுக்கிவைத்தேன்.
நாலாம் நாள் பெட்டியின் அடி இளகி,
சிவப்பு கருப்பில் இறங்கி, கருப்பு பச்சையில் ஏறி,
கத்தியாலும் பிரிக்க முடியாத
பங்காளிகள் ஆகியிருந்தன.

தப்பித்தது ஒன்றே ஒன்று,
மேசைமேல் மறந்து வைத்தது.
அதற்கு உண்ணாமலையின் நெயில் பாலிஷில்
குண்டூசித் தலையால் தொட்டு
இரண்டு கண் வைத்தேன்.
ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி. காயவில்லை.
வெயிலில் ஒரு பகல். காயவில்லை.

அந்த நேரம் பார்த்து
மார்க்கெட் சபூரா வந்தாள்,
ஸ்பீக்கரில் மீன்செதில் அடைத்த போனோடு.
மாதம் ஒருமுறை வருகிற நோய்தான்.
இடுக்கியால் செதிலை எடுக்கிறவரை
புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"உயிர் இல்லாததுக்கு
எதுக்குண்ணே கண்ணு?"

ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தூர் தாண்டி.
ஊருணியில் தூண்டில் போட்டால் ஊரே திரளும்;
கண்மாயில் எருமைகூடத் திரும்பாது.
மடைக்குப் பக்கத்தில் மெல்ல இறக்கி
நூலை ஒரு சுண்டு, ஒரு நிறுத்தல்.
நிறுத்துகிறபோதுதான் கடிக்கும்.
முதல் ஜிலேபி உள்ளங்கை அகலம்,
இரண்டாவது அதைவிடக் கொஞ்சம்.
மூன்றாவது என்னவென்று தெரியாது.
கம்பு வில்லாகி நிமிர்ந்தது,
கொக்கி வெறுமையாக வந்தது.
ரப்பரை மட்டும் உருவிக்கொண்டு
போய்விட்டது.

இருபது நாள் கழித்து, மார்க்கெட்.
சபூரா விரால் அறுத்துக்கொண்டிருந்தவள்
கையை நிறுத்தினாள்.
குடலுக்குள்ளிருந்து எதையோ வழித்து
குழாயடியில் அலசி
என் உள்ளங்கையில் போட்டாள்.

மஞ்சள் போகவில்லை.
ஒட்டு விடவில்லை.
நாலு காலும் அப்படியே.
என் வேலை என்று ஒரு நொடி
நெஞ்சு நிமிர்ந்ததும் உண்மை.

"இளைச்ச மீனுண்ணே," என்றாள்,
"கிலோவுக்கு அம்பது குறைச்சுக்கங்க."
வயிறு நிறைந்ததாகவே நினைத்துக்கொண்டு
எத்தனை நாள் நீந்தியதோ.

வாங்கவில்லை.
கண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
சிவப்பு ரேகையில் ஏறிக்கொண்டது.

கடைக்கு வந்து, மணி பார்க்க
என் போனில் அதே விரலை வைத்தேன்.
மூன்று தடவை வைத்தேன்.
நான் யாரென்று
அதற்குத் தெரியவில்லை.